செத்தவீட்டுக்குப் போனதற்காக: எங்கள் சபையின் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும்,

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிவில் ஓர் அறிவித்தல் வாசித்தீர்கள். சபையார் சைவ வீடுகளின் செத்தவீடு, அதன் பின்வரும் எட்டு, அந்தியேட்டிச் சடங்குகள், கலியாணம் எதற்கும் போகக்கூடாது. தைப்பொங்கலுக்கு வீட்டில் பொங்கக்கூடாது, அயலில் இருந்து வந்தால் வாங்கவும் கூடாது. சபை மண்டபம் இனிமேல் சபைக் காரியங்களுக்கு மட்டும். மீறுகிறவர்களுக்கு மூன்று மாதம் கர்த்தருடைய பந்தியான இராப்போசனம் இல்லை. இதற்கு ஆதாரமாக 2 கொரிந்தியர் 6:17ஐ வாசித்தீர்கள்: அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோங்கள் என்ற வசனம்.

மூன்றாம் நாளே நான் அதை மீறிவிட்டேன். புதன்கிழமை விடிய எங்கள் பக்கத்து வீட்டு அக்கா காலமானார். போனேன், பிரேதம் எடுக்கும்வரை இருந்தேன். வெள்ளிக்கிழமை மூப்பர் ஒருவர் எங்கள் கேற்றடிக்கு வந்து, சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடியே, "மூன்று மாதத்துக்கு இராப்போசனத்துக்கு வரவேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அறிவித்தல் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கப்பட்டது. ஆகவே என் பதிலையும் எல்லாரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது. எங்கள் குடும்பம் மிஷன் காலத்திலிருந்து வேதம், அதாவது கிறிஸ்தவம். இயேசு கிறிஸ்து ஒருவரே ஆண்டவர் என்று விசுவாசிக்கிறேன். இந்த 66 வயதுவரை திருநீறு பூசியதில்லை. மகளுக்குச் சாதகம் எழுதுவித்ததில்லை. இப்போது இருக்கும் வீட்டுக்கு நாள் பார்க்காமல், மேசன்மார் தலையில் கைவைக்க, ராகு காலத்தில் குடிபுகுந்தோம். நாங்கள் வேறுபட்டு வாழவேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் இடையில் கருத்து வேற்றுமை இல்லை. எதில் வேறுபடவேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

அந்தச் செத்தவீட்டில் நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சுண்ணம் இடிக்கும் சடங்கின்போது தள்ளி, கிணற்றடிப் பக்கம் நின்றேன். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போடப் போனபோது நான் போகவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, "அவ வேதம்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் அக்காவின் மகன் என்னிடம் வந்து, "அன்ரி, அம்மாவுக்கு உங்கட முறையில ஒரு செபம் சொல்லுங்கோ" என்றான். தலைமாட்டில் நின்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். குருக்கள் தன் பாட்டில் தர்ப்பையை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த வீட்டில் இயேசுவின் பெயர் அவ்வளவு மரியாதையோடு சொல்லப்பட்டது அன்றுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். உங்கள் அறிவித்தலுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அது நடந்திராது.

அந்த அக்கா யார் என்பதையும் சொல்லவேண்டும். 2016இல் என் கணவர் இறந்தபோது, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மூன்று நேரமும் சாப்பாடு அவருடைய வீட்டில் இருந்துதான் வந்தது. பந்தல் போட்டது அவருடைய பிள்ளைகள், கதிரை இரவல் வாங்கி வந்ததும் அவர்கள்தான். ஆராதனைக்கு அயலட்டை முழுவதும் எங்கள் தேவாலயத்துக்குள் வந்தது. நாங்கள் செருப்புக் காலோடு உள்ளே போனோம். அவர்கள் வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். வெளியே வரும்போது அந்தச் செருப்புகள் இரண்டு வரிசையாக, குதி சுவர்ப் பக்கம் திரும்பி, அவ்வளவு ஒழுங்காக இருந்தன. எங்கள் கடவுளின் வீட்டை அவர்கள் தங்கள் கோயில் மாதிரி மதித்தார்கள். பிறகு எங்கள் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்கும் வந்தார்கள். தன் ஊர்ச் சுடலைக்கே பெண்கள் போகாத வழக்கத்தில் வளர்ந்த அந்த அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு குழியடியில் நின்றார். அவருடைய பிரேதம் போகும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்க வேண்டுமா? "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12இல் பவுல் எழுதினார். அழுகிறவர் எந்த மதம் என்று விசாரித்துவிட்டு அழச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். சாமிக்குப் படைத்ததை நான் சாப்பிடுவதில்லை என்று கலியாணமாகி இந்த வளவுக்கு வந்த முதல் வருடமே அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பெரிய பானைக்குப் பக்கத்தில், மூன்று செங்கல்லில் ஒரு சின்னச் சட்டியும் ஏறியது. படையலுக்குப் போகாத தனிப் பொங்கல், எங்களுக்காக. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சட்டி ஏறியது, இடம்பெயர்ந்த வருடம் தவிர. நானும் நத்தாருக்கு அவர்களுக்கு முட்டை போடாத கேக்தான் அனுப்புவேன். முட்டை, இறைச்சி சமைத்த பாத்திரத்தில் அவர்களுக்கு ஒன்றும் செய்யமாட்டேன்.

1 கொரிந்தியர் 10ஐத் திறந்து பாருங்கள். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதீர்கள் என்கிறார். அந்த இரண்டு வசனங்களையும் ஒரு சைவப் பெண் சின்னச் சட்டி ஒன்றில் நிறைவேற்றித் தந்தார். அதை வாங்குவது பாவம் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் பூசணிக்காயும் கொண்டுவந்து குவித்து நன்றி சொல்லி ஏலம் விடுகிறோம். வயல் விளைந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்வது அங்கே சரி என்றால், எங்கள் சொந்த முற்றத்தில் ஒரு பானை வைத்து அதே ஆண்டவருக்கு நன்றி சொல்வது எப்படிப் பிழையாகும்?

நான் 35 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை செய்தவள். என் பகுதியில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு சைவம். "வேதக்கார மிஸ்ஸி" என்பதுதான் என் பெயர். அந்த வீடுகளின் அறை, அடுப்படி, கட்டில் விளிம்பு எல்லாம் எனக்குத் தெரியும். பிரிந்து வாழ்ந்திருந்தால் அந்த வேலையை ஒரு நாளும் செய்திருக்கமுடியாது. கிறிஸ்தவளாக வாழ்வது என்றால் என்ன என்பதையும் நான் அந்த வீடுகளில்தான் படித்தேன்.

1987 ஐப்பசி. இந்திய இராணுவத்தின் ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஒரு வீட்டில் தலைப்பிள்ளைப் பேறு. குப்பி விளக்கைச் சுளகால் மறைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் முக்கு பிள்ளை என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன். பெண் குழந்தை. என் கைக்கடிகாரத்தில் அதிகாலை 2 மணி 40. கொப்பூழ் கட்டி முடித்து நேரத்தைக் குறிக்கப் போனபோது, பேத்தியார் என் கையைப் பிடித்தார். அவர் முதலே பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார். ஆகாத நட்சத்திரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. "ஒரு பத்து நிமிசம் தள்ளிப் போடு பிள்ளை, ஆருக்குத் தெரியப் போகுது" என்றார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் குழந்தையும்தான். உண்மையிலேயே யாருக்கும் தெரியவராது.

நான் சொன்னேன்: "அம்மா, எனக்குச் சாதகத்தில நம்பிக்கை இல்லை. ஆனால் பாத்த நேரத்தை மாத்தி எழுத மாட்டன்." அவருக்குச் சரியான கோபம். விடிந்து நான் போகும்வரை ஒரு தேத்தண்ணி தரவில்லை. ஆனால் அடுத்த மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தபோது ஆள் அனுப்பினார். "அந்த வேதக்காரப் பிள்ளையையே கூப்பிடுங்கோ. அவள் எழுதினால் எழுதினதுதான்" என்று சொன்னாராம். கிறிஸ்தவர் என்றால் யார் என்று அந்த வீட்டில் யாரும் என்னிடம் போதனை கேட்டதில்லை. ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. "நீங்கள் அவர்களுக்குள்ளே நல்நடக்கையுள்ளவர்களாய் நடந்துகொள்ளுங்கள்" என்று பேதுரு எழுதினார். அவர்களுக்குள்ளே என்றுதான் எழுதினார்.

அப்புறம் 1995 ஒக்டோபர் 30. போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததை உங்களில் வயது வந்தவர்களுக்கு நான் நினைப்பூட்டத் தேவையில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே எங்களுக்கு இரவு முழுவதும் சென்றது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு சைவக் குடும்பம் எங்களை ஏற்றது. 1996 சித்திரையில் திரும்பும்வரை அங்கேதான் இருந்தோம். அவர்கள் ஒதுக்கித் தந்தது சாமி அறைக்குப் பக்கத்து அறை. அந்த வளவில் மீன் வாங்கவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களாகவே வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் தணிந்த குரலில் பாட்டுப் பாடிச் செபிப்போம். மூன்றாம் ஞாயிறு அந்த வீட்டு ஐயா அறை வாசலில் வந்து நின்று, "ஏன் ஒளிச்சுப் பாடுறியள், வடிவாப் பாடுங்கோ" என்றார். ஆறு மாதம் அப்படி இருந்தோம். நாங்கள் சைவமாகவில்லை. அவர்களும் வேதமாகவில்லை. அந்த ஐயா இன்னும் இருக்கிறார், 90ஐத் தாண்டிவிட்டார். நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால் நான் மீசாலைக்குப் போகக்கூடாது என்கிறது உங்கள் அறிவித்தல். போதகர் ஐயா, இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

நடுவில் இருந்தால் கரைந்துபோவோம் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. இளம் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்த யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பாருங்கள். வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார், அங்கேயே படிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரோடு வருடக்கணக்காக இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினார். வேதத்தை அவரளவுக்குத் தெரிந்த சைவர் அன்று வேறு இல்லை. அவர் கரைந்தாரா? கிறிஸ்தவர் நடுவில் இருந்தே தன் சைவத்தில் இன்னும் உறுதியாக வெளியே வந்தார். அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் தன் நம்பிக்கை எது என்று தெரிந்தவனுக்குப் பக்கத்து வீட்டைக் கண்டு பயம் வராது என்பதை அவரிடமும் படிக்கலாம். எங்கள் பக்கத்தில் ஹன்டி பேரின்பநாயகம் இருந்தார். 1924இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கித் தீண்டாமையை எதிர்த்த கிறிஸ்தவ ஆசிரியர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபராக இருந்தார். ஓர் இந்துக் கல்லூரி தன் பிள்ளைகளை ஒரு வேதக்காரரை நம்பிக் கொடுத்தது. பிரிந்து நின்ற மனிதரிடம் யாராவது அப்படிக் கொடுப்பார்களா?

சரி, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

அயலில் இருந்து பிரியச் சொல்கிற நாங்கள், அயலில் இருக்கிற எதில் இருந்து பிரிந்திருக்கிறோம்? சில வருடத்துக்கு முன் எங்கள் பாடகர் குழுவில் இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் இராப்போசனம் எடுத்தவர்கள். பெண்ணின் தாய் என் விறாந்தையில் இருந்து சொன்னார்: "வேதம் எண்டாலும் நாங்கள் ஆர், அவை ஆர் எண்டு பாக்கத்தானே வேணும்." நான் உங்களிடம் வந்தேன். அது குடும்ப விடயம், சபை தலையிடாது என்றீர்கள். பதிவாளரிடம் போய் எழுதினார்கள். அன்று மத்தியானச் சாப்பாடு கொடுத்தது பொடியனின் சைவ நண்பன் ஒருவனின் வீட்டில். எங்கள் சபையில் இருந்து போனது நானும் இன்னும் இரண்டு பேரும். இன்று அவர்கள் வவுனியாவில் வேறு ஒரு சபைக்குப் போகிறார்கள். செத்தவீடு சபை விடயம், சாதி குடும்ப விடயம். இதை எந்த வசனத்தில் இருந்து எடுத்தீர்கள்?

சீதனமும் அப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது, அது எங்களுக்கும் பொருந்துகிற சட்டம், மகளுக்குத் தாய் தகப்பன் விரும்பிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீடு, நகை, அதற்கு மேல் "டொனேசன்" என்று மாப்பிள்ளை வீட்டார் கையில் எண்ணி வாங்கும் காசு எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த வேதத்திலும் இல்லை. அதைப் பேசி முடித்த குடும்பங்களின் கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு அதே பீடத்தில் நின்றுதான் வாசிக்கிறீர்கள். தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை, எங்கள் சபைப் பிள்ளை, அந்தத் தொகை இல்லாததால் 38 வயதில் தனியாக இருக்கிறாள். அவளை வேண்டாம் என்றவர்களும் எங்கள் சபையார்தான்.

1 கொரிந்தியர் 5ஐயும் ஒரு தரம் வாசியுங்கள். இந்த உலகத்தாரோடு பழகவே கூடாது என்று நான் எழுதவில்லை, "அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டு நீங்கிப்போகவேண்டியதாயிருக்குமே" என்கிறார் பவுல். யாரோடு சாப்பிடவேண்டாம் என்கிறார்? சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு பொருளாசைக்காரனாக இருக்கிறவனோடு. இராப்போசனத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அழப் போனவர்களை விடுங்கள்.

மண்டபம். மாதத்தில் ஒரு நாள் அங்கே குழந்தைகளின் நிறை பார்ப்போம். கூரை வளையில் இருக்கிற அந்தக் கொளுக்கி தராசு தொங்கவிடுவதற்காக நானே கேட்டு அடிப்பித்தது. குழந்தையைத் துணிப்பையில் இருத்தித் தூக்கியவுடன் அது வீரிட்டு அழும், தாய்மார் சிரிப்பார்கள். பொட்டு வைத்த தாய், முக்காடு போட்ட தாய், சிலுவை போட்ட தாய் எல்லாரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். சென்ற மாதம் கதவு பூட்டி இருந்தது. திரும்பிப் போனவர்களில் ஒரு தாய் இரட்டைப் பிள்ளைகளோடு வெயிலுக்குள் நடந்து வந்தவள். அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படிப்பித்த மண் இது. அந்தப் பாரம்பரியத்தை ஆண்டு விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். ஒரு தராசுக்கு இடம் இல்லை என்கிறோம். எங்கள் ஒழுங்கையில் சில கேற்றுகளில் "இது சைவ வீடு, மதம் பரப்ப வரவேண்டாம்" என்று ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான். இப்போது நாங்களும் எங்கள் கதவில் அதே மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டோம்.

நான் கேட்பவை இவை. அந்த அறிவித்தலை வாசித்த அதே இடத்தில், அதே ஆராதனையில், அது கைவிடப்பட்டது என்று வாசியுங்கள். மண்டபத்தின் திறப்பை அடுத்த நிறை பார்க்கும் நாளுக்கு முன் சுகாதாரப் பகுதியினரிடம் கொடுங்கள். படைத்ததைச் சாப்பிடுவதா, சடங்கில் எங்கே நிற்பது என்பதில் இளம் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் வேண்டும் என்றால் ஒரு மாலை கூட்டுங்கள். அயலோடு வாழ்ந்த முதியவர்களும் வந்து சொல்வோம். டொனேசன் வாங்கும் கலியாணத்துக்கு அறிவித்தல் வாசிக்கமாட்டோம் என்றும், சபைக்குள் சாதி பார்த்து ஒரு கலியாணத்தைத் தடுப்பது சபை ஒழுங்குக்கு உட்பட்ட பாவம் என்றும் எழுத்தில் தீர்மானம் எடுங்கள். வவுனியாவில் இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். விலாசம் என்னிடம் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தண்டனையைப் பற்றி: அதைச் சைக்கிளில் இருந்து சொல்லவேண்டாம். குற்றம் என்ன என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். சபைக் கூட்டத்தில் எழும்பிப் பதில் சொல்வேன்.

அக்காவின் அந்தியேட்டி அடுத்த மாதம் முதல் கிழமையில் வருகிறது. விடியற்காலை கீரிமலைக்கு ஆண்கள் போய் வந்தபிறகு மத்தியானம் வீட்டில் சாப்பாடு. படையலில் இருந்து எடுக்காமல் எனக்குத் தனியாக ஒரு சட்டி வைப்பதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம் பழகிக்கொண்டதாம். நான் போவேன். உங்களையும் அழைக்கச் சொன்னாள். என் கணவரின் செத்தவீட்டில் உங்களைக் கண்டதாக அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வருவீர்கள் என்றால் அதற்கு முந்திய ஞாயிறுக்குள் சொல்லிவிடுங்கள், இலை எண்ணிப் போடவேண்டும்.

இங்ஙனம்,
சபை அங்கத்தவர் ஒருவர்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.